வெங்காயத் தோலுக்கு ஒரு வேலை இருக்கு பாஸ்!

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு... எத்தனை தடவைதான் அதே ஊருக்கு டூர் போவீங்க? இந்த வாரம் உங்களை அப்படி எங்கேயும் கூட்டிட்டுப் போறதா இல்லை. அருவி கிடையாது, படகு கிடையாது, போட்டோ எடுக்க 'செல்ஃபி பாயின்ட்' கிடையாது. நாம போகப்போறது லப்பைக்குடிக்காடு!

'அது எங்கேப்பா இருக்கு?'ன்னு கூகுள் பண்ண ஆரம்பிச்சிட்டீங்களா? நானே சொல்லிடறேன். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் தொழுதூர்ல இறங்கி, கிழக்கே திட்டக்குடி பஸ் பிடிங்க. திட்டக்குடி, கடலூர் மாவட்டம். அங்கிருந்து வெள்ளாற்றைத் தாண்டினா மாவட்டமே மாறிடும். தென்கரையில் இருக்கிறது பெரம்பலூர் மாவட்டம், லப்பைக்குடிக்காடு பேரூராட்சி. ஊர்க்காரங்க வாயில் 'லெப்பைக்குடிக்காடு'. வளைகுடா நாடுகள்ல வேலை பார்க்கிறவங்க நிறைய உள்ள ஊர். துபாய்க்கும் குவைத்துக்கும் இங்கேயிருந்து போன் பேசற அளவுக்குப் பக்கத்து டவுனுக்குக்கூடப் பேச மாட்டாங்கன்னு சொன்னா நம்பலாம்.

சரி, இந்த ஊருக்கும் உங்க காலேஜ் புராஜெக்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. ஆற்றங்கரையில் கொஞ்சம் நில்லுங்க, சொல்றேன்.

ஒரு ஆறு, நாலு சக்கை

முதல்ல ஆற்றைப் பாருங்க. இது வட வெள்ளாறு. புதுக்கோட்டைப் பக்கம் ஓடுற வெள்ளாறு வேற, குழப்பிக்காதீங்க. சேலம் பக்கத்து மலைகள்ல இருந்து இறங்கி வர்ற வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்தா அதுக்குப் பேர் வெள்ளாறு. வசிஷ்ட நதி ஆத்தூர் வழியா வருது. அங்கேயிருந்து கிழக்கே வந்து, தொழுதூர் அணைக்கட்டுல கொஞ்சம் தண்ணியை வெலிங்டன் ஏரிக்கு வாய்க்கால்ல கொடுத்துட்டு, மிச்சத்தை நம்ம ஊருக்குக் கொண்டு வந்து, கடைசியில் பரங்கிப்பேட்டையில் வங்கக்கடலுக்குப் போகுது. மழைக்காலம் தவிர மற்ற நாள்ல மணலைத்தான் பார்க்கணும். ஆனா மழை பெய்ஞ்சா மேலே இருக்கிறவன் என்னவெல்லாம் கொட்டினானோ அதெல்லாம் கீழே வரும். ஆற்றோட நியாயம் அது.

இப்போ ஆற்றோட ரெண்டு பக்கமும் என்ன சாப்பாட்டுப் பொருள் தயாராகுதுன்னு ஒரு லிஸ்ட் போடுவோமா?

மேலே, ஆத்தூர் பக்கம்: மரவள்ளிக்கிழங்கு. அதுல இருந்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் எடுக்கிற சேகோ ஆலைகள். சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசிக்கு 1981-ல் ஆரம்பிச்ச சேகோசர்வ் கூட்டுறவு சங்கமே இருக்கு. மாவு எடுத்ததும் மிஞ்சுற நார்ச்சக்கைக்குத் 'திப்பி'ன்னு பேர்.

நம்ம பக்கம்: மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி. தமிழ்நாட்டில் மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ரெண்டிலும் முன்வரிசையில் நிற்கிற மாவட்டம் பெரம்பலூர். செட்டிகுளம் பக்கம் போனா வயலோரத்துல வெங்காயப் பட்டறை போட்டு வச்சிருப்பாங்க. காத்து போக வர குச்சியும் ஓலையும் வச்சுக் கட்டின வெங்காய வீடு அது. எறையூர்ல சர்க்கரை ஆலை இருக்கு, அங்கே கரும்புச் சக்கை.

கிழக்கே: ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், அப்படியே பண்ருட்டி வரைக்கும் முந்திரி. பருப்பு உங்க பாயசத்துக்கு. ஓடு?

திப்பி, கதிர்க்கட்டை, வெங்காயத் தோல், முந்திரி ஓடு... இந்த லிஸ்ட்டை மறக்காதீங்க. ஏன்னா இந்த ஒவ்வொரு சக்கையையும் யாரோ ஒருத்தர் லேப்ல தண்ணியில் போட்டு, அதுல இருக்கிற விஷ உலோகத்தை உறிஞ்ச வச்சிருக்காங்க!

கன உலோகம்னா என்ன கனம்?

காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல்... இதுங்களுக்குக் கன உலோகங்கள்னு பேர். மற்ற அழுக்குக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். சாக்கடைத் தண்ணியை நாலு நாள் வெயில்ல, காத்துல விட்டா பாக்டீரியா கொஞ்சமாவது தின்னு தீர்க்கும். காரீயத்தை எந்தப் பாக்டீரியாவாலும் தின்னு தீர்க்க முடியாது. கொதிக்க வச்சாலும் போகாது. சொல்லப்போனா, கொதிக்க வச்சா தண்ணிதான் குறையும், உலோகம் அப்படியே நின்னு இன்னும் அடர்த்தியாகும். உடம்புக்குள்ள போனா எலும்பிலேயும் சிறுநீரகத்திலேயும் பட்டா போட்டு உட்காரும். காரீயம் முதல்ல கை வைக்கிறது சின்னக் குழந்தைகளோட மூளை வளர்ச்சியில்.

எவ்வளவு இருந்தா ஆபத்து? இந்தியாவோட குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001-க்கு மேல் கூடாதுங்குது. புரியற மாதிரி சொல்லணும்னா, 10,000 லிட்டர் பிடிக்கிற ஒரு தண்ணி லாரி முழுக்க மொத்தமா 0.1 கிராம் காரீயம்தான் இருக்கலாம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

ஜப்பான்ல மினமாட்டாங்கிற ஊர்ல ஒரு தொழிற்சாலை கடல்ல விட்ட பாதரசம் மீன்ல ஏறி, மீன் தின்ன மனுஷங்க மேல் ஏறி, 1956-ல் அது ஒரு நோயாகவே அறிவிக்கப்பட்டது. 'அது ஜப்பான், நமக்கென்ன?'ன்னு கேட்டா, ராணிப்பேட்டைக்கு ஒரு டிக்கெட் எடுங்க. அங்கே 1975-ல் ஆரம்பிச்சு 1995-ல் மூடின குரோமேட் தொழிற்சாலை, லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை மலை மாதிரி விட்டுட்டுப் போயிடுச்சு. 2006-ல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட், உலகத்திலேயே மோசமா மாசுபட்ட பத்து இடங்கள்னு ஒரு பட்டியல் போட்டப்போ அதுல ராணிப்பேட்டையும் இருந்தது. பெருமைப்பட முடியாத டாப் டென்! பாலாற்றங்கரை தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட், 'மாசுபடுத்தினவன்தான் காசு கொடுக்கணும்'ங்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தோட ஒரு பகுதின்னே சொல்லிடுச்சு.

வெள்ளாற்றையும் யாரும் சும்மா விடலை. அது கடல்ல சேர்ற பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. அந்த முகத்துவாரத்துச் சேறு, மீன், நத்தை எல்லாத்துலேயும் உலோகத்தை அளந்து பார்க்கிற வேலை அங்கே பல வருஷமா நடக்குது. மாணவர்கள் பட்டம் வாங்கினதே அதை வச்சுத்தான்.

சீட் பிடிக்கிற ரகசியம்

இப்போ மேட்டருக்கு வருவோம். வெங்காயத் தோல் எப்படி காரீயத்தைப் பிடிக்கும்?

பஸ் ஸ்டாண்ட்ல துண்டு போட்டு சீட் பிடிச்சிருக்கீங்கள்ல? அதே டெக்னிக். காய்கறித் தோலோட செல் சுவர்ல பெக்டின், செல்லுலோஸ் மாதிரி பொருட்கள் இருக்கு. அதுல கார்பாக்சில், ஹைட்ராக்சில்னு சின்னச்சின்ன 'சீட்'கள். தண்ணியில் இந்த சீட்கள் எதிர்மின்சுமையோட நிற்கும். காரீய அயனி நேர்மின்சுமை. ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும், வந்து உட்கார்ந்துக்கும். ஸ்பாஞ்ச் மாதிரி உள்ளே உறிஞ்சுறது இல்லை இது, மேல்பரப்புல ஒட்டிக்கிறது. உங்க ப்ளஸ் டூ புத்தகத்துல 'பரப்புக் கவர்தல்'னு படிச்சு மறந்தீங்களே, அதேதான்.

தண்ணி ரொம்ப அமிலமா இருந்தா என்னாகும்? ஹைட்ரஜன் அயனிகள் கும்பலா வந்து எல்லா சீட்லேயும் முன்னாடியே துண்டு போட்டிடும். பாவம், காரீயம் படிக்கட்டுல தொங்கும். அதனாலதான் எல்லா ஆராய்ச்சிக் கட்டுரையிலேயும் பி.எச். 5 பக்கத்துல வச்சுப் பண்ணினோம்னு எழுதியிருப்பாங்க. இந்த விதியைத் தலைகீழா பயன்படுத்தினா இன்னொரு லாபம். சீட் நிரம்பின தோலை எடுத்து அமிலத்துல கழுவினா, ஹைட்ரஜன் கும்பல் உள்ளே நுழைஞ்சு காரீயத்தைத் தள்ளிவிட்டுடும். தோல் மறுபடி காலி. அடுத்த ட்ரிப்புக்கு ரெடி!

டெல்லியில் குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் சரியா இதைத்தான் செஞ்சாங்க. வெங்காயம், பூண்டுக் கழிவை எடுத்துக்கிட்டு காரீயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக், இரும்பு, தகரம்னு வரிசையா சோதிச்சாங்க. ஒரு கிராம் கழிவு, 10 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் பிடிச்சது. நைட்ரிக் அமிலத்துல கழுவி உலோகத்தைத் தனியா எடுத்து, கழிவைத் திரும்பவும் பயன்படுத்தலாம்னும் காட்டினாங்க.

ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே குமார், தாரா என்ற ரெண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் வெங்காயத் தோலை ஃபார்மால்டிஹைடு போட்டுப் பதப்படுத்தி உலோகத்தைப் பிடிச்சுக் காட்டிட்டாங்க. நீங்க, நான் எல்லாம் அப்போ எங்கே இருந்தோமோ!

நம்ம ஊர்க்காரங்க கோல் அடிச்சாங்க

'வெங்காயம் டெல்லி, பேப்பர் டெல்லி... நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க?' நல்ல கேள்வி. அந்த லிஸ்ட்டை மறுபடி எடுங்க.

திப்பி: சேகோ கழிவுல இருந்து கிளர்வூட்டின கரி தயாரிச்சு, அதால பாதரசத்தைப் பிடிச்ச ஆய்வு 2004-ல் 'கார்பன்' என்ற சர்வதேச இதழ்ல வந்தது. செஞ்சது கதிர்வேலு, பட்டாபி குழு.

மக்காச்சோளக் கட்டை: அதே குழு 2003-ல் இலவம்பஞ்சு ஓடு, தென்னை மரத்தூள், திப்பி, மக்காச்சோளக் கட்டை, வாழைத்தண்டு அஞ்சையும் கரியாக்கி, சாயத்தையும் உலோகத்தையும் எது எப்படிப் பிடிக்குதுன்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, லிஸ்ட்டைப் படிச்சா வெள்ளாற்றுக் கரையில் நடந்து போன மாதிரியே இருக்கு!

முந்திரி ஓடு: சென்னைப் பக்கம் செந்தில்குமார், சிவனேசன் உள்ளிட்ட குழு 2011-ல் முந்திரி ஓட்டால் தாமிரத்தையும் நிக்கலையும் பிடிச்சு 'டீசாலினேஷன்', 'கெமிக்கல் இன்ஜினியரிங் ஜர்னல்' இதழ்கள்ல எழுதினாங்க.

கரும்புச் சக்கை: சக்கையை எரிச்ச சாம்பல்ல காட்மியம், நிக்கலைப் பிடிச்ச ரூர்க்கி ஆய்வு 2003.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துல நமசிவாயம் குழு தென்னை நார்க்கழிவை வச்சு 1990-கள்ல இருந்தே எழுதிக் குவிச்சது தனிக்கதை. பிரேசில்ல 2011-ல் வாழைப்பழத் தோலை அரைச்சுப் போட்டு தாமிரமும் காரீயமும் பிடிச்சு, ஒரே தோலைப் பதினோரு தடவை வரைக்கும் பயன்படுத்தலாம்னு சொன்னாங்க.

நம்ம பாட்டிகளும் சும்மா இருக்கலை. கலங்கின தண்ணியில் தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டு, ராத்திரி வச்சு, காலையில் தெளிவான தண்ணியை மொண்டு குடிச்ச கூட்டம் நாம. ஆனா இங்கே உஷாரா இருக்கணும். தேத்தாங்கொட்டை மண்ணையும் கலங்கலையும் கீழே இறக்கும். கண்ணுக்குத் தெரியாமக் கரைஞ்சு கிடக்கிற காரீயம் வேற கேஸ். தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணின்னு முடிவு பண்ணிடாதீங்க.

அப்புறம் ஏன் ஊர்ல எங்கேயும் காணோம்?

நாப்பது வருஷமா கட்டுரை வருது. ஆயிரக்கணக்கான கட்டுரை. ஆனா வெங்காயத் தோல் வச்சு தண்ணி சுத்தம் பண்ற ஒரு ஆலையை நீங்க பார்த்திருக்கீங்களா? இதுதான் இந்தப் பயணத்துல எனக்குப் பிடிச்ச இடம். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

முதல் சிக்கல், லேப் தண்ணி வேற, ஊர்த் தண்ணி வேற. லேப்ல சுத்தமான வாலைவடிநீர்ல காரீய உப்பை மட்டும் கரைச்சு எடுப்பாங்க. பஸ்ல ஒரே ஒரு பயணி. சீட் கிடைக்காம போகுமா? நிஜத் தண்ணி அப்படி இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குப் பேர் போனது, சிமென்ட் ஆலைகள் வந்ததே அதனாலதான். அப்படிப்பட்ட நிலத்துத் தண்ணியில் கால்சியம் கும்பலா நிற்கும். அதுவும் நேர்மின்சுமைதான், அதுவும் சீட் கேட்கும். காரீயம் ஒரு மில்லிகிராம், கால்சியம் நூறு மில்லிகிராம்னா யாருக்கு சீட் கிடைக்கும்னு நீங்களே யோசிங்க. காரீயம் கொஞ்சம் ரவுடி, தள்ளிக்கிட்டு உட்காரும்தான். ஆனா எல்லா உலோகமும் அவ்வளவு ரவுடி இல்லை.

ரெண்டாவது, குரோமியம் கட்சி மாறும் ஆள். ராணிப்பேட்டை மாதிரி இடத்துல இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம், தண்ணியில் எதிர்மின்சுமையோட திரியும். நம்ம தோலும் எதிர்மின்சுமை. ரெண்டும் ஒண்ணையொண்ணு விரட்டும். அதைப் பிடிக்கத் தண்ணியை நல்லா அமிலமாக்கணும், பி.எச். 2 பக்கம். ஒரு ஏரியையோ நிலத்தடி நீரையோ போய் அமிலமாக்க முடியுமா? 'எல்லா உலோகத்துக்கும் ஒரே தோல்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மூணாவது, தோலே அழுக்கு. வெங்காயத் தோலைத் தண்ணியில் போட்டுப் பாருங்க, அரைமணி நேரத்துல டீத்தண்ணி கலர். முட்டைக்குச் சாயம் ஏத்துறாங்களே, அதே கலர். உலோகத்தை எடுக்கிறேன்னு கலரையும் கரிமப் பொருளையும் சேர்த்துட்டா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேள்வி கேட்கும். 1980-கள்லேயே ஃபார்மால்டிஹைடு போட்டது, பலர் கரியாக்கினது எல்லாம் இந்தத் தொல்லைக்காகவும்தான். கரியாக்க அடுப்பு வேணும், எரிபொருள் வேணும். 'சும்மா கிடைக்குது'ன்னு ஆரம்பிச்ச சரக்குக்கு விலை ஏற ஆரம்பிச்சிடும்.

நாலாவது, கழிவு உங்களுக்குத்தான் கழிவு. திப்பி மாட்டுத் தீவனம். மக்காச்சோளக் கட்டை அடுப்புக்கு. கரும்புச் சக்கை ஆலையோட பாய்லருக்கு. முந்திரி ஓட்டுல எண்ணெய் எடுக்கிறாங்க, மிச்சத்தையும் எரிக்கிறாங்க. கிராமத்துல வீணாப் போறதுன்னு ஒண்ணு அபூர்வம் பாஸ்! எல்லாத்துக்கும் ஏற்கெனவே ஒரு ஆள் காத்துக்கிட்டு இருப்பார். அந்த ஆள்கிட்ட இருந்து எடுத்தா, அவர் மாட்டுக்கு வேற தீவனம் யார் கொடுப்பா?

இந்தப் போட்டியில் ஜெயிக்கிறது வெங்காயத் தோல்தான். மாடு தொடாது, அடுப்புல போட்டா ஒரு நொடியில் பறந்துடும். லப்பைக்குடிக்காட்டுல ஒரு வலிமா விருந்து நடக்கிற நாள்ல சமையல் பந்தல் பக்கம் போய்ப் பாருங்க. பிரியாணிக்கு மூட்டை மூட்டையா வெங்காயம் உரிப்பாங்க. பந்தல் பிரிக்கும்போது கறிக்கும் அரிசிக்கும் கணக்கு கேட்க ஆள் உண்டு, அந்தத் தோலுக்குக் கணக்கு கேட்க ஆள் கிடையாது. காத்து அடிச்சா தெரு முழுக்க ஊதா கலர்ல பறக்கும்.

ஒரு குட்டிக் கணக்கு

ஒரு தொழிற்சாலைக் கழிவுநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் காரீயம் இருக்குன்னு வைங்க. குடிநீர் அளவைவிட நூறு மடங்கு. 10,000 லிட்டர்ல மொத்தம் 10 கிராம் காரீயம். ஒரு கிராம் தோல் 10 மில்லிகிராம் பிடிக்கும்னா, ஒரு கிலோ காய்ஞ்ச தோல் போதும்!

'ஒரு கிலோவா? ஒரு விருந்துத் தோல்லேயே முடிஞ்சுதே!'ன்னு துள்ளாதீங்க. அந்த 10 மில்லிகிராம், உலோகம் கெட்டியா இருக்கிற தண்ணியில் கிடைச்ச கணக்கு. தண்ணியில் உலோகம் குறையக் குறைய, தோல் பிடிக்கிற அளவும் குறையும். கால்சியம் வேற சீட் கேட்கும். அதனால ஒரு கிலோங்கிறது பல கிலோ ஆகும். கடைசி 0.01 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டு போறதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம். பரீட்சையில் 35 எடுக்கிறதுக்கும் 95-ஐ 100 ஆக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம் அந்தத் தோலை என்ன பண்ணுவீங்க? அதுலதான் 10 கிராம் காரீயம் இருக்கே! குப்பைத் தொட்டியில் போட்டா மழையில் கரைஞ்சு திரும்ப ஆற்றுக்கே போகும். எரிச்சா சாம்பல்லேயும் புகையிலேயும் வரும். 2016 அபாயகரக் கழிவு விதிகள்படி இப்படிப்பட்ட சரக்கைத் தனியாத்தான் கையாளணும். அமிலத்துல கழுவி உலோகத்தை மீட்டா சரி, ஆனா கழுவின அமிலம்? அதையும் யாராவது பார்க்கணும். தண்ணியில் பரவிக் கிடந்த விஷத்தை ஒரு மூட்டைக்குள்ள அடக்கிட்டோம். அது பெரிய சாதனைதான். ஆனா மூட்டை இன்னும் நம்ம கையிலதான் இருக்கு.

வெளிநாட்டிலேயும் இதே கதை. அமெரிக்காவுல பாசியை வச்சு 'ஆல்காசார்ப்' என்ற பேர்ல உலோகம் பிடிக்கிற சரக்கை மார்க்கெட்டுக்கே கொண்டு வந்தாங்க. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்து வோலெஸ்கி இந்தத் துறைக்கே வாத்தியார் மாதிரி. அப்படியும் கடைகள்ல கிடைக்கிற செயற்கை ரெசினை இதுங்களால ஓரம்கட்ட முடியலை. ஏன்னா ரெசின் ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி இருக்கும். வெங்காயம் அப்படியா? ஐப்பசி வெங்காயம் ஒரு மாதிரி, மாசி வெங்காயம் வேற மாதிரி.

அதுக்காக இந்த ஐடியா வேஸ்ட்டுன்னு மூடி வைக்க வேண்டியதில்லை. முலாம் பூசுற சின்னப் பட்டறைகள் மாதிரி இடங்கள்ல, முதல்ல சுண்ணாம்பு போட்டுப் பெரும்பாலான உலோகத்தை வீழ்படிவாக்கிட்டு, மிஞ்சுற கொஞ்சத்தைப் பிடிக்க ஒரு கடைசி வடிகட்டியா இதை வைக்கலாம். ஆற்றுக்குள்ள தோலைக் கொட்டுறது இல்லை, ஆலையோட குழாய் வாயிலேயே நிறுத்தறது. ஆற்றுக்கு வந்த பிறகு பிடிக்கிறதைவிட வர்றதுக்கு முன்னாடி பிடிக்கிறது எப்பவுமே மலிவு.

மினி புராஜெக்ட் பண்ணலாமா?

கெமிஸ்ட்ரி, பயோடெக், சிவில், என்விரான்மென்ட்... எந்த டிபார்ட்மென்ட்னாலும் கை வைக்கலாம். காரீயம், பாதரசம், குரோமேட் பக்கம் போகவே போகாதீங்க. தாமிரம் போதும். மயில்துத்தம் எல்லா லேப்லேயும் இருக்கும்.

வெங்காயத் தோலைக் கழுவுங்க. சுடுதண்ணியில் ஊற வச்சு, கலர் இறங்கறது நிற்கிற வரைக்கும் தண்ணியை மாத்துங்க. இதைச் செய்யாம விட்டா, அந்தக் கலரே நீங்க கலரிமீட்டர்ல பார்க்கிற ரீடிங்கைக் கெடுத்துடும். காய வச்சு அரைச்சு சலிச்சுக்கோங்க. அளவெடுத்த மயில்துத்தக் கரைசல்ல போட்டுக் கலக்குங்க. பத்து, இருபது, முப்பது, அறுபது நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வடிகட்டி, அம்மோனியா சேர்த்தா வர்ற கருநீலத்தை அளந்து பாருங்க. நீலம் குறைஞ்சா தாமிரம் குறைஞ்சிருக்கு.

ஒரு ஜாடியில் தோல் போடாம வெறும் கரைசல் வைக்கிறதை மறக்காதீங்க. ஒவ்வொரு ஜாடியிலேயும் பி.எச். ஆரம்பத்துல எவ்வளவு, முடிவுல எவ்வளவுன்னு எழுதுங்க. ஏன்னா பி.எச். ஏறிட்டா தாமிரம் தானாவே ஹைட்ராக்சைடா கீழே படிஞ்சிடும். அதைப் பார்த்து 'என் தோல் 99 சதவீதம் பிடிச்சது!'ன்னு விசில் அடிக்கிற புராஜெக்ட் ரிப்போர்ட் ஏராளம்.

அடுத்த கட்டம்தான் சுவாரஸ்யம். அதே சோதனையை வாலைவடிநீருக்குப் பதிலா உங்க ஊர்க் கிணத்துத் தண்ணியில் மயில்துத்தம் கரைச்சுப் பண்ணுங்க. எண்ணிக்கை விழும். எவ்வளவு விழுதுங்கிறதுதான் உங்க கண்டுபிடிப்பு. சின்ன வெங்காயம் ஒண்ணு, பெரிய வெங்காயம் ஒண்ணு வச்சு ஒப்பிடுங்க. செட்டிகுளத்துச் சரக்கும் மகாராஷ்டிரா சரக்கும் மோதட்டும்!

ஒண்ணு மட்டும்: இப்படிச் சுத்தம் பண்ணின தண்ணியை 'டேஸ்ட் பண்ணிப் பார்க்கலாமே'ன்னு யாராவது சொன்னா, அந்த ஆளை லேப்பை விட்டே வெளியே அனுப்புங்க. வேலை முடிஞ்சதும் மயில்துத்தத் தண்ணியை சிங்க்ல ஊத்தாம லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட ஒப்படைங்க.

கடைசியா, வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க. ஐசோதெர்ம் கிராஃப், கலர் சார்ட், அழகான பைண்டிங் எல்லாம் ரெடியா இருக்கும். அவர் கேட்காட்டியும் நீங்களே ஒரு பக்கம் சேர்த்து எழுதிடுங்க: பிடிச்ச உலோகம் கடைசியில் எங்கே போகுது, அதுக்கு யார் காசு கொடுக்கிறா? நாப்பது வருஷக் கட்டுரைகள்ல ரொம்பக் குறைவா எழுதப்பட்ட பக்கம் அதுதான். வெள்ளாற்றோட கீழ்க்கரையில் இருக்கிற ஊர்களுக்கு உங்க கிராஃபைவிட அந்தப் பக்கம்தான் தேவை.